கிருஷ்ணகிரிப் பக்கம் அளக்காத ஜாயிண்ட்

என் அண்ணன் இறந்த பதினோராம் நாள் காரியத்துக்கு எங்கள் சூப்பர்வைசர் வந்தான். பந்தியில் உட்கார்ந்தான். இரண்டாம் தடவை ரசம் கேட்டு வாங்கிக்கொண்டான். சாப்பிட்டு முடித்து, வாசலில் கை கழுவ வந்தவனுக்கு நான்தான் சொம்பில் தண்ணீர் ஊற்றினேன். அப்போது சொன்னான்.

"ஏம்மா, இந்த நேரத்துல இதச் சொல்லக் கூடாது. உங்கண்ணன் கடைசியா போட்டான் பாரு, சின்னார் பாலத்தாண்ட ஒரு ஜாயிண்டு, அது ஃபெயிலாயிருச்சு."

"சொல்லக் கூடாதுன்னா எதுக்கு சார் சொல்றீங்க?"

"கோச்சுக்காத. பெங்களூர்லருந்து இன்ஜினியர் வந்து உக்காந்துட்டிருக்காரு. நீ நாளைக்கு வந்து அத வெட்டிட்டு வேற போட்டுக் குடுத்துரு. செத்தவன் பேர்ல எழுதிட்டா யாரும் ஒண்ணும் கேக்க மாட்டாங்க. அவனுக்கு இனிமே என்ன?"

அவனுக்கு இனிமே என்ன. இதைச் சொல்லிவிட்டு என் துண்டிலேயே கையைத் துடைத்துக்கொண்டான். நேரில் நான் அவனை சார் என்றுதான் கூப்பிட்டேன். எழுதும்போது அவனுக்கு அவ்வளவு மரியாதை போதும்.

நான் எட்டாவதோடு நின்றவள். எங்கள் ஊர் பாகலூர் பக்கம். வீட்டில் தெலுங்கு, தெருவில் கன்னடம், பள்ளிக்கூடத்தில் தமிழ். மூன்றிலும் திட்டத் தெரியும். ஓசூரில் ஒரு ஃபேக்டரியில் பூதக்கண்ணாடி வழியாகப் பார்த்து, சிமிட்டா என்கிற இடுக்கியால் சின்னச் சின்னப் பாகங்களைப் பொறுக்கி வைக்கிற வேலையில் இரண்டு வருஷம் இருந்தேன். ஆர்டர் இல்லை என்று பெண்களை முதலில் நிறுத்தினார்கள். அப்போது அண்ணன் கேபிள் வேலையில் இருந்தான். பெங்களூரிலிருந்து ஓசூர், சூளகிரி, கிருஷ்ணகிரி என்று ரோட்டு ஓரமாகவே பள்ளம் தோண்டிக் கண்ணாடிக் கேபிள் புதைத்துக்கொண்டு போன காலம் அது. யாருடைய கேபிள் என்று எழுத மாட்டேன். அவனுக்குக் கூட ஓர் ஆள் வேண்டியிருந்தது. "எந்தங்கச்சிக்குக் கை நடுங்காது" என்று சொல்லி என்னைக் கூட்டிப்போனான்.

அத்தை உடனே ஆரம்பித்தாள். "ஆம்பளப் பசங்களோட வேன்ல ஏறி ரோடு ரோடா போவுதாம் பொண்ணு. நாளைக்கு எவன் கட்டுவான்?" அத்தையின் மகனே என்னைக் கட்ட மாட்டேன் என்று சொன்னவன்தான். அவன் கட்டாததற்கு வேன் காரணமில்லை. அவனுக்குப் பெங்களூரில் வேறு காரணம் இருந்தது. அதை அத்தை சொல்ல மாட்டாள்.

கேபிள் என்றவுடன் எல்லாருக்கும் தாமிரம்தான் ஞாபகம் வரும். புதைத்த வாரத்திலேயே ஒரு கும்பல் வந்து தோண்டி வெட்டிப் பார்த்துவிட்டு, உள்ளே கம்பி இல்லை என்ற கோபத்தில் இன்னும் இரண்டு இடத்தில் வெட்டிப் போட்டுப் போனார்கள். திருடுகிறவனுக்கு முதலில் எதைத் திருடுகிறோம் என்று தெரிய வேண்டாமா? உள்ளே இருந்தது தலைமுடி கனம் உள்ள கண்ணாடி, ஃபைபர் என்பார்கள். எங்கள் கேபிளில் பன்னிரண்டு இருந்தன, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிறம், ஓர் எண். அதன் வழியாகத்தான் போன் பேச்சு வெளிச்சமாகப் போகிறது. "லைட்ட போட்டா பேச்சு போவுதா? அப்ப எங்கூட்டு பல்புல எம்பொண்டாட்டி குரல் ஏன் வரல?" என்று பள்ளம் தோண்டுகிற ஒருத்தன் கேட்டான். அண்ணன் சொன்னான்: "உங்கூட்டுல பல்பு எரிஞ்சாத்தானே."

கேபிள் ஓர் உருளையில் நாலு கிலோமீட்டர்தான் வரும். உருளை முடிகிற இடத்தில் அடுத்த உருளையின் முனையோடு சேர்க்க வேண்டும். அதுதான் ஜாயிண்ட். முறுக்கி டேப் சுற்றுகிற வேலை இல்லை. இரண்டு முனையையும் உருக்கி ஒன்றாக்க வேண்டும். முதலில் மேல்தோலைச் சீவுவோம். உள்ளே தண்ணீர் போகாமலிருக்க கிரீஸ் மாதிரி ஒரு பிசின் இருக்கும். அதைத் துடைத்துத் துடைத்தே நகமெல்லாம் கறுத்துவிடும். பிறகு ஒரு முடியை எடுத்து, அதன் மேல் சின்ன ஸ்லீவ் குழாயை முதலிலேயே கோத்து வைக்க வேண்டும். மறந்தால் ஒட்டிய பிறகு கோக்க முடியாது, திரும்பவும் வெட்ட வேண்டியதுதான். நிறப் பூச்சை உரித்து, ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் துடைத்து, வைரக் கத்தியில் ஒரு கீறல் போட்டு நேராக முறிக்க வேண்டும். பஞ்சால் துடைக்கும்போது கீச்சென்று ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தால் சுத்தம். பிறகு இரண்டு முனையையும் ஒட்டுகிற மிஷினில் எதிர் எதிராகப் படுக்க வைத்தால், திரையில் இரண்டும் தூண் மாதிரி பெரிதாகத் தெரியும். முனை கோணலாக இருந்தாலும் தூசி இருந்தாலும் அங்கேயே தெரிந்துவிடும். பொத்தானை அழுத்தினால் நடுவில் ஒரு நீலப் பொறி. அவ்வளவுதான். தூண் இரண்டும் ஒன்றாகிவிடும். ஸ்லீவை இழுத்து மேலே விட்டு, சின்ன அடுப்பில் வைத்துச் சுருக்கி, தட்டில் சுருட்டி வைப்போம். பன்னிரண்டும் முடிந்தால் தட்டைப் பெட்டிக்குள் மூடிப் புதைப்போம்.

முறித்த துண்டுகள் கண்ணுக்குத் தெரியாது. தோலில் ஏறினால் சீழ் பிடிக்கும். அதனால் ஒட்டுகிற வேலை நடக்கும் வேனுக்குள் யாரும் சாப்பிடக் கூடாது. சூப்பர்வைசர் மட்டும் உள்ளே உட்கார்ந்து பஜ்ஜி தின்பான், ஏ.சி. இருக்கிறதே. அவன் வயிற்றில் எத்தனை முடி கண்ணாடி இருக்கிறதோ.

இப்போது அளக்கிற விஷயம். இது தெரியாவிட்டால் இனிமேல் நான் சொல்வது புரியாது. ஜாயிண்ட் நன்றாக இருக்கிறதா என்று பார்க்க இன்னொரு மிஷின் இருக்கிறது. கேபிளின் ஒரு கோடியில் அதை மாட்டினால் வெளிச்சத்தை உள்ளே அனுப்பும். வழியெல்லாம் கொஞ்சம் கொஞ்சம் வெளிச்சம் திரும்பி வரும். அதை வைத்துத் திரையில் ஒரு கோடு போடும். கெட்ட ஜாயிண்ட் இருக்கிற இடத்தில் கோடு படிபோல் இறங்கும். ஆனால் இரண்டு உருளையும் இரண்டு கம்பெனி என்றால் கண்ணாடி ஒரே மாதிரி இருக்காது. ஒன்று வெளிச்சத்தை அதிகம் திருப்பி அனுப்பும், இன்னொன்று குறைவாக அனுப்பும், அதுவும் முடிக்கு முடி மாறும். அப்போது ஜாயிண்ட் நன்றாகவே இருந்தாலும், ஒரு கோடியிலிருந்து பார்த்தால் இறக்கம் தெரியும், மறு கோடியிலிருந்து பார்த்தால் ஏற்றம் தெரியும். அதனால் ஓசூர் பக்கமிருந்தும் அளக்க வேண்டும், கிருஷ்ணகிரி பக்கமிருந்தும் அளக்க வேண்டும், இரண்டையும் கூட்டிப் பாதியாக்க வேண்டும். ஜாயிண்ட் கணக்கு எழுதுகிற நோட்டிலேயே அதற்கு இரண்டு கட்டம் போட்டிருக்கும். எட்டாவது படித்த எனக்கே இது புரிந்தது.

சின்னார் பாலத்து ஜாயிண்டில் ஓசூர் பக்கத்து உருளை ஒரு கம்பெனி, கிருஷ்ணகிரி பக்கத்து உருளை வேறு கம்பெனி. அது எனக்கு நன்றாகத் தெரியும், இரண்டு தோலையும் உரித்தவள் நான். கிருஷ்ணகிரி பக்கம் நம் சூப்பர்வைசர் எப்படி அளப்பான் என்பதும் தெரியும். சூளகிரி ஓட்டலில் பரோட்டா வரும்வரை நோட்டைத் திறந்து, ஓசூர் கட்டத்தில் இருக்கிற எண்ணையெல்லாம் பார்த்து, கடைசி எண்ணில் ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ கிருஷ்ணகிரி கட்டத்தில் எழுதுவான். ஒரு தடவை நான் பார்த்துக்கொண்டே இருந்தேன். "என்னா பாக்கற? வெயில்ல யாரு அவ்ளோ தூரம் போறது" என்றான். ஜீப்பில் போகிறவனுக்கு வெயில்.

அதனால் கை கழுவின இடத்திலேயே கேட்டேன்.

"சார், கிருஷ்ணகிரி பக்கம் அளந்தீங்களா?"

"அளந்தாச்சு அளந்தாச்சு."

"ஓட்டல்லயா?"

அவன் முகம் மாறியது. உள்ளே மாமா, பெரியப்பா எல்லாரும் வெற்றிலை போட்டுக்கொண்டிருந்தார்கள். குரலைத் தணித்துக்கொண்டு, "இப்ப என்னாங்கற?" என்றான்.

"நான் வர்றேன். ஆனா மொதல்ல கிருஷ்ணகிரில போய் இன்ஜினியர் கண்ணு முன்னாடி அளக்கணும். அங்கயும் எறக்கம் காட்டுனா வெட்டறேன். காட்டலன்னா எங்கண்ணன் போட்டத யாரும் தொடக் கூடாது. நோட்டுல ஃபெயிலுன்னு எழுதனத அடிக்கணும்."

அவனுக்கு வேறு வழியில்லை. எங்கள் வேனில் ஒட்டுகிற மிஷினை ஓட்டத் தெரிந்தவர்கள் இரண்டே பேர். ஒருத்தன், என் அண்ணன், சூளகிரி இறக்கத்தில் மொபெட்டோடு லாரிக்குள் போய்விட்டான். இன்னொருத்தி நான்.

அண்ணன் ஒன்றும் பெரிய மனிதன் இல்லை. அவன் பேரில் நிலமோ வீடோ கிடையாது. கல்யாணமும் ஆகவில்லை. இருபத்தாறு வயதில் அவன் செய்து வைத்துவிட்டுப் போனது மண்ணுக்கடியில் இருக்கிற சில பெட்டிகள்தான். அதையும் கெட்ட வேலை என்று எழுதிவிட்டால் மிச்சம் என்ன? காரியத்துக்கு வந்த சொந்தக்காரர்கள் யாருக்கும் இது புரியாது. அவர்கள் பேச்செல்லாம் வடையில் உப்பு இருந்ததா இல்லையா என்பதுதான்.

மறுநாள் ஜீப்பில் கிருஷ்ணகிரி போனோம். அத்தை வாசலில் நின்று, "தீட்டு கழிஞ்ச மறாநாளே ஊர் சுத்தப் பொறப்பட்டாச்சு" என்றாள். நான் ஜீப்பில் ஏறிவிட்டேன். ஏதாவது சொல்லியிருக்க வேண்டும்.

கேபிள் வந்து முடிகிற அறையில் செருப்பை வெளியே விடச் சொன்னார்கள். உள்ளே குளிர். இன்ஜினியர் சின்ன வயசு, சட்டைப் பையில் மூன்று பேனா. என்னைப் பார்த்துவிட்டு சூப்பர்வைசரிடம் கன்னடத்தில், "ஈ ஹுடுகிகே ஏனு கொத்து?" என்றார். இந்தப் பெண்ணுக்கு என்ன தெரியும் என்று அர்த்தம். "நிம்ம ஹத்ர இரோ மிஷின் ஓட்ஸோக்கே கொத்து சார்" என்றேன். உங்களிடம் இருக்கிற மிஷினை ஓட்டத் தெரியும் என்று. அதற்குப் பிறகு அவர் கன்னடத்தில் என்னைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. பேனாவில் ஒன்றை எடுத்து நோட்டைத் திறந்தார்.

"நாலு ஃபைபர் தப்பு. ரெண்டு, மூணு, ஏழு, பன்னெண்டு."

பன்னெண்டு என்றதும் நான் நோட்டை எட்டிப் பார்த்தேன். அதுவரை சூப்பர்வைசர் எண் எதுவும் சொல்லியிருக்கவில்லை. நானும் கேட்டிருக்கவில்லை.

இரண்டாவதை மாட்டினார்கள். கோடு வந்தது. பாலம் இருக்கிற தூரத்தில் கோடு இறங்கவில்லை, ஏறியது. சூப்பர்வைசர் திரையைத் தட்டிப் பார்த்தான்.

"சார், மிஷின் ரிப்பேரு போல. ஜாயிண்ட்ல போய் வெளிச்சம் எப்பிடி சாஸ்தியாவும்?"

பத்து வருஷமாகக் கேபிள் வேலை செய்கிறேன் என்று சொல்லிக்கொள்கிறவன் கேட்ட கேள்வி இது. இன்ஜினியர் அவனை ஒரு பார்வை பார்த்தார். மூன்றாவதை மாட்டினார், ஏற்றம். ஏழாவது, ஏற்றம். ஓசூர் பக்கத்து எண்ணோடு சேர்த்துப் பாதியாக்கினார். மூன்றும் நல்ல ஜாயிண்ட். நோட்டைத் திருப்பிப் பார்த்தார்.

"கிருஷ்ணகிரி ரீடிங் இங்க எழுதியிருக்கே. இது யார் எடுத்தது?"

"அது… பசங்க எடுத்தது சார்."

"எந்தப் பசங்க?"

சூப்பர்வைசர் என் பக்கம் திரும்பாமல், "அதான் சார், செத்துப் போனானே அந்தப் பையன்" என்றான்.

நான் அடித்துவிடுவேன் என்றுதான் நினைத்தேன். "எங்கண்ணன் கையெழுத்துக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல சார். அவன் ஒண்ணாம் நம்பர மேல கோடு போட்டு எழுதுவான். இது இவரு கையெழுத்து. வேணும்னா இப்பவே ரெண்டு எண்ணு எழுதச் சொல்லிப் பாருங்க" என்றேன். இன்ஜினியர் எழுதச் சொல்லவில்லை. பேனா மூடியைக் கடித்துக்கொண்டிருந்தார். பெரிய சண்டை வேண்டாம் என்று நினைக்கிற முகம். அந்த முகத்தைப் படித்தவர்களிடம் நிறையப் பார்த்திருக்கிறேன்.

பன்னிரண்டாவதை மாட்டினார்கள். கோடு இறங்கியது. ஓசூரிலிருந்து பார்த்தாலும் இறக்கம், கிருஷ்ணகிரியிலிருந்து பார்த்தாலும் இறக்கம்.

சூப்பர்வைசருக்கு உயிர் வந்துவிட்டது. "பாத்தியா! பாத்தியா! நான் என்னா சொன்னேன்? உங்கண்ணன் என்னா பெரிய…"

"அது அவன் போடல" என்றேன். "நான் போட்டது."

அந்த ஜாயிண்ட் போட்ட அன்றைக்கு நடந்தது இதுதான். பதினொன்று முடித்துவிட்டு அண்ணன் இடுப்பைப் பிடித்துக்கொண்டு எழுந்தான். "கடைசி ஒண்ணு நீ போடு பாப்பா, நான் போய் டீ வாங்கிட்டு வரேன்" என்றான். அவன் வருவதற்குள் முடித்துவிட வேண்டும் என்று எனக்கு ஓர் ஆசை. உரித்தேன், துடைத்தேன், முறித்தேன். கீச் சத்தம் வந்ததா என்று கவனிக்கவில்லை. பொறி போட்ட பிறகு திரையில் பார்த்தேன். ஒட்டிய இடத்தில் மெல்லிசாக ஒரு கறுப்புக் கோடு. நன்றாக ஒட்டினால் கோடு தெரியாது. எனக்குத் தெரியும் அது. ஆனால் திரையின் அடியில் மிஷின் காட்டிய எண் பாஸ் ஆகிற எண்தான். ஸ்லீவை இழுத்துவிட்டு அடுப்பில் வைத்துவிட்டேன். சுருங்கிவிட்டால் பிறகு யாருக்கும் எதுவும் தெரியாது. அண்ணன் டீயோடு வந்தான். "சரியா வந்துச்சா?" என்றான். "வந்துச்சு" என்றேன். அவன் திறந்து பார்க்கவில்லை. என்னை நம்பினான். பன்னிரண்டுக்கும் சேர்த்து நோட்டில் அவன் பெயரை எழுதினான்.

சூப்பர்வைசரைப் பற்றி இவ்வளவு எழுதிய நான் இதையும் எழுதத்தானே வேண்டும். அவன் ஓட்டலில் எண் எழுதினான். நான் வேனில் பொய் சொன்னேன். பரோட்டாவும் டீயும்தான் வித்தியாசம்.

இன்ஜினியர் நோட்டையும் என்னையும் பார்த்தார். "இதுல ஒரே பேர்தான் இருக்கு."

சூப்பர்வைசர் குறுக்கே வந்தான். "சார், இந்தப் பொண்ணு பேரே வேலைக்காரங்க லிஸ்ட்ல கெடையாது. சும்மா கூடமாட ஒத்தாசைக்கு வரும். அண்ணன் பாசத்துல என்னென்னமோ ஒளறுது. அவன் பேர்லயே இருக்கட்டும், வெட்டிப் போட்டுட்டுப் போயிருவோம்."

"ஒத்தாசைக்கு வர்றவள எதுக்கு சார் எங்கூட்டு வாசல் வரைக்கும் வந்து கூப்பிட்டீங்க? ரசம் குடிக்கவா?"

"ஏய், மரியாதயா பேசு."

"பேரு மாத்தி எழுதுங்க. பதினொண்ணு அவன் பேர்ல, பன்னெண்டு எம்பேர்ல. எழுதுனாத்தான் பள்ளத்துல எறங்குவேன். இல்லன்னா நீங்களே எறங்கி ஒட்டிக்கோங்க."

அவன் இறங்கி ஒட்டுவதை நினைத்து எனக்கே சிரிப்பு வந்தது. பஜ்ஜி எண்ணெய்க் கையோடு.

இன்ஜினியர் சூப்பர்வைசரைக் கேட்காமலே எழுதினார். ரெண்டு, மூணு, ஏழுக்கு நேராக இருந்த ஃபெயில் என்பதை அடித்தார். பன்னெண்டுக்கு நேராக அண்ணன் பெயரை அடித்துவிட்டு என் பெயரைக் கேட்டார். சொன்னேன். இனிஷியல் கேட்டார், அதையும் சொன்னேன். கீழே கையெழுத்துப் போட்டார். ஓட்டல் எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை எழுதவில்லை. அதற்குப் பேனா வரவில்லை போலிருக்கிறது.

மத்தியானம் பாலத்தாண்ட பள்ளத்தைத் தோண்டினார்கள். பெட்டியை மேலே எடுத்து வேனுக்குள் வைத்துத் திறந்தேன். தட்டில் பதினொன்றும் ஒரே அகலத்தில் சுருண்டிருந்தன, ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல். அவன் கை அப்படி. என்னுடையது மட்டும் மேலே கொஞ்சம் கோணலாகக் கிடந்தது. பன்னிரண்டையும் ஒன்றாகப் புதைத்தபோது அது எனக்குத் தெரியவில்லை. மற்றவை அசையாமல் சிமிட்டாவால் என்னுடையதை மட்டும் தூக்கினேன். அதற்கே அரை மணி ஆனது. ரோட்டில் லாரி போகும்போதெல்லாம் வேன் ஆடும், நிறுத்தி நிறுத்திச் செய்தேன். ஒட்டின இடத்துக்கு இரண்டு பக்கமும் வெட்டினேன். ஸ்லீவ் கோத்தேன். உரித்துத் துடைத்தேன். கீச் சத்தம் வரும்வரை மூன்று பஞ்சு மாற்றினேன். முதல் தடவை முறித்தது திரையில் கொஞ்சம் சாய்வாகத் தெரிந்தது, எறிந்துவிட்டுத் திரும்ப முறித்தேன். சூப்பர்வைசர் கதவைத் தட்டி, "ஆச்சா? ஆச்சா?" என்றான். நான் திறக்கவில்லை. பொறி போட்டேன். தூண் ஒன்றானது. கோடு இல்லை. இருக்கிறதா என்று இன்னொரு தடவை பார்த்தேன், இல்லை.

ஓசூர் பக்க எண்ணையும் வாங்கிக் கூட்டிப் பாதியாக்கிவிட்டு, கிருஷ்ணகிரியிலிருந்து இன்ஜினியர் வயர்லெஸ்ஸில், "பன்னெண்டு ஓகே" என்றார். அதற்குப் பிறகுதான் அழுதேன். ஏ.சி. சத்தத்தில் வெளியே கேட்டிருக்காது.

அதோடு எனக்கு அந்த வேலை போயிற்று. அடுத்த வாரம் வேன் வரவில்லை, அதற்கடுத்த வாரமும் வரவில்லை. கெட்ட ஜாயிண்ட் போட்டவள் என்று எழுத்தில் வந்துவிட்டதாம், அப்படிப்பட்ட ஆளை வைத்துக்கொள்ள முடியாதாம். டிரைவர் வந்து சொன்னார். சூப்பர்வைசர் இன்னும் இருக்கிறான், இப்போது இரண்டு வேன் அவன் கையில். அந்த ஒரு நோட்டில், அந்த ஒரு வரியில்தான் நான் அங்கே வேலை செய்தேன் என்பதற்கு எழுத்து இருக்கிறது. அதுவும் தப்பு செய்தவள் என்று. இருக்கட்டும். அது என் தப்புதான்.

பன்னெண்டைத் திரும்ப ஒட்டிய அன்றைக்குச் சாயந்திரம் வீட்டுக்கு வந்தபோது அம்மா காரியத்துக்கு வாடகைக்கு எடுத்த பாத்திரங்களைக் கடைக்குத் திருப்பிக் கொடுக்கக் கழுவிக்கொண்டிருந்தாள். என் நகத்தில் கறுப்பைப் பார்த்தாள்.

"எங்கடி போன காலையிலருந்து?"

"அண்ணன் வேலைய அளக்க."

"என்னா சொன்னாங்க?"

"பதினொண்ணும் நல்லாருக்குன்னாங்க."

அம்மா ஓர் அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். பிறகு கேட்டாள்: "உங்கண்ணன் பன்னெண்டுன்னு சொன்னானே?"

"ஒண்ணு நான் போட்டதும்மா."

அம்மா என்னைத் திட்டவில்லை. "சரி, அந்த அண்டாவப் புடி" என்றாள். நான் பிடித்தேன்.